நெல்லிக்காயும் மிச்சம் வைத்த மாத்திரைகளும்

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியபின் வந்த இரண்டாவது கோடை. ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று என் ஒன்பது வயது மகள் அழுதாள். பெரிய மார்க்கெட்டில் வெள்ளரி விற்றவளிடம் அதைச் சொன்னது என் தப்பு.

"நீர்க்கடுப்பா? சூடும்மா. பிஞ்சா நாலு குடு, நின்னுபூடும்."

பக்கத்துக் கடைக்காரர் தர்பூசணியை நீட்டினார். எதிர்வீட்டுக்காரி நெல்லிக்காய்ச் சாறு பிழிந்தே கொண்டுவந்துவிட்டாள். மூன்று நாள் தின்ற பிறகு, "நான் என்ன ஆடாம்மா?" என்றாள் மகள். எரிச்சல் நிற்கவில்லை.

டாக்டர் சிறுநீரைச் சோதித்துக் கிருமி என்றார். கிருமியைக் கொல்ல ஐந்து நாளைக்கு சல்ஃபா மாத்திரை எழுதினார். நான் அதுவரை கொடுத்த பழங்களை அடுக்கிச் சொன்னேன்.

"வெள்ளரில இருக்கறது தண்ணி. தண்ணி நல்லது, நெறைய குடிக்கட்டும். நெல்லிக்கா கிருமியக் கொல்லும்னு எனக்கு இதுவரைக்கும் யாரும் காட்டல. மாத்திரைய முழுசா முடிங்க."

இரண்டாம் நாளே எரிச்சல் அடங்கியது. எதிர்வீட்டுக்காரி நிமிர்ந்துகொண்டாள். "பாத்தியாக்கா, என் நெல்லிக்கா! இனிமே எதுக்கு மாத்திர? அது கொள்ளச் சூடு."

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் நான். அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினேன். மிச்சத்தை, அடுத்த தடவைக்கு ஆகுமென்று காகிதத்தில் சுற்றிச் சர்க்கரை டப்பாவுக்குள் வைத்தேன்.

ஒரு வாரத்தில் மகளுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். இடுப்புக்கு மேலே முதுகைத் தொடவிடவில்லை.

"மாத்திரைய முடிச்சீங்களா?" என்றார் டாக்டர்.

"மீதியப் பத்திரமா வச்சிருக்கேன், டாக்டர்."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாவாத கிருமி மேல ஏறி சிறுநீரகத்தப் புடிச்சிருக்கு. கெட்டுப்போனா அத எந்தப் பழமும் திருப்பித் தராது."

ஊசி போட்டார்கள். அந்த நாட்களை என்னால் இன்னும் எழுத முடியவில்லை. காய்ச்சல் இறங்கி, புது மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்தோம். பின்னாலேயே எதிர்வீட்டுக்காரி ஒரு பை நெல்லிக்காயோடு வந்தாள்.

"ஊசி போட்ட சூடு இருக்கும்க்கா..."

கத்தத் தோன்றியது. ஆனால் மாத்திரையை நிறுத்திய கை என்னுடையதுதானே. பையை வாங்கி ஊறுகாய் போட்டேன்.

மகள் ஒவ்வொரு மாத்திரையையும் விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் கீழேயும் பார்த்தேன். கடைசி மாத்திரையன்று அவளே "ஆ" என்று காட்டிவிட்டு மாத்திரை சுற்றியிருந்த வெறும் காகிதத்தை என் கையில் திணித்தாள்.

"போதுமாம்மா? இதையும் டப்பாவுல வச்சிக்க."