சவரி அண்ணன் படகின் மூன்று கோடுகள்

பல் துலக்கும்போது எனக்குப் படகு ஞாபகம் வருகிறது. சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டிலும் சிரிக்கிறார்கள். போன வாரம் மகள் டெலானிபூர் கடையிலிருந்து புதுப் பேஸ்ட் வாங்கி வந்தாள். பச்சை நிறத்தில், உள்ளே பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிற ஜெல். கொஞ்சம் எடுத்து நகத்தில் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

"இது ஒண்ணுக்கும் ஆகாதும்மா."

"அப்பா, அது பல்லு தேய்க்க" என்றாள்.

வெள்ளைப் பேஸ்ட்தான் நல்லது. அதில் கண்ணுக்குத் தெரியாத பொடி இருக்கிறது. படகுகளின் முன்னால் இருக்கிற அக்ரிலிக் கண்ணாடியில் கீறல் எடுக்கும்போது கடைசிக் கை அதுதான். நான் அந்த வேலையை விட்டு இருபது வருடம் ஆகப்போகிறது. அப்போது மெருகு போடுகிற காம்பவுண்டு எங்கள் தீவுக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. அதனால் காலையில் பல்லுக்கும் பத்து மணிக்குப் படகுக்கும் ஒரே பேஸ்ட். என்மேல் எந்நேரமும் புதினா வாசம் அடிக்கும். பக்கத்து ஷெட்டுக்காரர்கள் என்னைப் 'பல் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் படிப்பால்தான் இந்த வேலை கிடைத்தது. வாட்டர் பேப்பர் என்கிற ஈர உப்புத்தாளின் முதுகில் நம்பர் போட்டிருக்கும். நானூறு, எண்ணூறு, ஆயிரம், இரண்டாயிரம். நம்பர் ஏற ஏறத் தாள் மென்மையாகும். வரிசை தப்பாமல் எடுக்க அந்த நம்பரை வாசித்தால் போதும். இன்னொரு தகுதியும் இருந்தது. எனக்குப் பேச வராது. பேசாதவன் கை சீராகப் போகும் என்று எங்கள் மிஸ்திரி நம்பினார்.

முதல் தாளைப் போட்டதும் கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். ஒரு கீறலை எடுக்கச் சொன்னால் ஆயிரம் கீறல் போடுகிறானே என்று தோன்றும். அந்த நேரத்தில் படகுக்காரரை ஷெட்டுக்குள் விடக்கூடாது. ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு தாள் மாற மாற வெள்ளை விலகும். அந்தப் பக்கம் முதலில் கடலின் நிறம் வரும், பிறகு அலை வரும், கடைசியில் அலைமேல் உட்கார்ந்திருக்கும் பறவை வரும்.

தேய்த்த அக்ரிலிக் தூளுக்கு ஒரு வாசம் உண்டு. இனிப்பும் காரமுமாக மூக்கில் ஏறும். அந்த வாசத்தை நினைத்தால் சவரி அண்ணன் வந்துவிடுகிறார்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் வந்த குடும்பம். படகு அவருடைய அண்ணனுடையது. அந்த மூத்தவர் மஞ்சள் காமாலையில் போனபிறகு, அதுவரை தச்சு வேலை பார்த்த இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அவர்கள் இருந்த கரைக்கு அப்போது ரோடு கிடையாது. கரைக்கு முன்னால் நீளமாகப் பவளப்பாறை. அதன் நடுவே ஒரு படகு நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு வாய். இவர் படகு மட்டும்தான் அதன் வழியாகப் போய்வரும். மற்றப் படகுகள் பாறையைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் கூடுதலாக ஓடவேண்டும். ஆபீஸ் போகிறவர்கள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள், வாழைத்தார் கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் அதனால் இவர் படகில்தான் ஏறுவார்கள்.

ஒரு வருடம் படகுச் சோதனையில் முன்கண்ணாடி மங்கல் என்று சொல்லிவிட்டார்கள். மங்காமல் என்ன செய்யும்? உப்புக் காய்ந்த கண்ணாடியைக் கைலி முனையால் வறட்டு வறட்டென்று துடைப்பார்.

"பனி விழுந்த மாதிரி கெடக்குலே. பளிங்கா ஆக்கிரு. சௌல்தாரில மச்சினன் வீட்டு விசேஷம். நாலு நாள்ல வாரேன்" என்று படகை விட்டுப் போனார்.

மங்கலைத் தேய்த்தபோது அடியில் மூன்று கோடுகள் இருந்தன. ஓட்டுகிறவர் முகத்துக்கு நேராக, குறுக்கே ஒன்று, நெட்டுக்குத்தாக இரண்டு. மற்றக் கீறல்கள் தலைமுடிபோல் வளைந்து கிடந்தன. இவை ஆணியால் அழுத்தி இழுத்த நேர்க்கோடுகள். யாரோ வேண்டுமென்றே போட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதை இன்றைக்கு மறைக்க விரும்பவில்லை.

மிஸ்திரி ஆந்திராக்காரர். எல்லோரிடமும் இந்திதான். "போன் கர்கே பூச் லே நா" என்றார், போன் போட்டுக் கேட்டுக்கொள்ளேன் என்று. மச்சினன் வீட்டுப் பக்கத்துக் கடையின் நம்பர் அவர் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டில் இருந்தது. டெலிபோன் பூத் வரைக்கும் போனேன். யாரோ கடைக்காரர் எடுப்பார். நீ யார், எந்த சவரி, என்ன அவசரம் என்பார். விசேஷ வீட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டு, 'மூணு கோடு இருக்கே, அழிக்கவா' என்று நான் கேட்கவேண்டும். நினைக்கும்போதே காது சுட்டது. பின்னால் நின்றவருக்கு வழிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அந்த மூன்று கோட்டுக்கே இரண்டு நாள் பிடித்தது. அவ்வளவு சுத்தமாக ஒரு கண்ணாடியை நான் அதற்கு முன் செய்ததில்லை. கண்ணாடி இருக்கிறதா என்று மிஸ்திரி விரலால் தட்டிப் பார்த்தார்.

சவரி அண்ணன் வந்து சீட்டில் உட்கார்ந்தார். பாராட்டப்போகிறார் என்று நான் கூச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால், அவர் கண்ணாடியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கோடு எங்கலே?"

"எடுத்துட்டேண்ணே."

"எங்கண்ணன் போட்ட கோடுலே அது."

குறுக்குக் கோட்டில் கரை வந்து ஒட்டினால் வேகத்தைக் குறைக்கவேண்டுமாம். முதல் நெட்டுக்கோட்டில் மலைமேல் இருக்கும் டவர் வந்தால் இடது பக்கம் திருப்பவேண்டுமாம். டவர் இரண்டாவது கோட்டுக்கு வந்துவிட்டால் வாய்க்குள் இருக்கிறோம் என்று அர்த்தமாம். படகு ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அந்த மூன்று கோட்டைப் பார்த்துத்தான் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"திரும்பப் போட்டுரலாம்ணே" என்றேன்.

"எங்க போட? எனக்குக் கோடுதாம்லே தெரியும். கடல் தெரியாது."

"சோதனை பாஸ் ஹோ ஜாயேகா, சவரி" என்று மிஸ்திரி ஆறுதல் சொன்னார்.

"பாஸ் ஆவும் மிஸ்திரி. வீட்டுக்கு எப்பிடிப் போவ?"

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தண்ணீர் வற்றுகிற நேரத்தில், நாங்கள் இருவரும் அந்த வாயைத் தேடிப் போனோம். நான் முன்னால் மூங்கில் கழியோடு நின்றேன். அவர் சட்டைப் பையில் புதிதாகக் கோடு போட மார்க்கர் பேனா.

"தட்டுதாலே?"

"தட்டுதுண்ணே."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல ஆளக் கூட்டியாந்தேன் பாரு" என்றார். கரையில் அவர் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "என்ன, வீடு மறந்துபோச்சா?" என்று அவர் கத்தியது தெளிவாகக் கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் இருந்தோம். மூன்றாவது முறை நுழையப் பார்த்தபோது அடியில் நறநறவென்று சத்தம். புரொப்பல்லரின் ஓர் இதழ் உடைந்தது. மார்க்கரின் மூடியை அவர் கழற்றவே இல்லை.

அதன்பிறகு அவரும் மற்றவர்களைப்போல் பாறையைச் சுற்றித்தான் ஓட்டினார். சுற்றித்தான் போகவேண்டும் என்றால் வேகமான படகில் போகலாமே என்று ஆட்கள் மாறினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தார். பிறகு படகை விற்றுவிட்டு, மகள் வீட்டோடு இருக்க மனைவியுடன் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினார். வழியனுப்பப் போனேன். மன்னிச்சிருங்கண்ணே என்கிற ஒரே வார்த்தையை ஷாதிபூரிலிருந்து ஜெட்டி வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் முன்னால் நின்றபோது பெட்டியைத் தூக்கிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

அவர்தான் பேசினார். "கண்ணாடி நல்லாத்தாம்லே பண்ணிருந்த."

மிஸ்திரியும் போய்விட்டார், ஷெட்டும் போய்விட்டது. ரோடு வந்தபின் அந்தக் கரையில் இருந்தவர்கள் ரோட்டோரமாக வீடு கட்டிக்கொண்டார்கள். போன மாதம் மனைவியின் உறவுக்காரர்கள் ஊர் பார்க்க வந்தார்கள். அவர்களோடு ஒரு டூரிஸ்ட் படகில் அந்தப் பக்கமாகப் போனேன். ஓட்டியவர் தமிழர்தான். வெகு நேரம் யோசித்து, அவருக்குப் பக்கத்தில் போய், இந்தப் பாறைக்குள்ளே நுழைய வழி உண்டா என்று கேட்டேன்.

"அங்கயா? அங்க ராஸ்தாவே கிடையாது அங்கிள். பூரா பத்தர்தான்" என்று, முன்னால் இருந்த ஜிபிஎஸ் திரையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். கரை நெடுக இடைவெளி இல்லாமல் பாறைக்குரிய ஒரே நிறம்.

இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே என்று கேட்டால் கைகாட்ட எனக்குத் தெரியாது. அப்படியா என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.