பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும்

காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு, கணிதத் தாள், அந்த அறைக்கு நான்தான் கண்காணிப்பு. பள்ளி பியூன் சன்னலுக்கு வெளியே வந்து நின்று, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "டீச்சர், ஒங்களுக்கு போன் வந்துச்சு. துளசிராம்னு ஒருத்தரு, ஆஸ்பத்திரியில, காலையில தவறிட்டாராம்" என்றார். தேர்வு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. யா அல்லாஹ், அந்த நாற்பது நிமிடமும் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தேன். நான் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு தாள் என் கைப்பையில் மூன்று வாரமாக மடித்தபடி கிடந்தது. அழுகைகூட வரவில்லை, நினைப்பெல்லாம் அந்தத் தாளில்தான்.

துளசிராம் அண்ணனை உங்களில் பலருக்கு கே.கே. நகர் லேப்காரராகத் தெரியும். ஊசி ஏறியதே தெரியாமல் ரத்தம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் லேபைச் சாத்திவிட்டு அதே மேசையில் விளையாட உட்காருவார் என்பது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஒரு சூழ்நிலையைச் சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதையின் ஆட்களாக மாறி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் தாயக்கட்டையை உருட்டிப் பார்க்க வேண்டும். அம்புட்டுத்தான் ஆட்டம்.

நான் அதில் மாட்டியதே என் பயத்தால்தான். அத்தாவின் சர்க்கரை ரிப்போர்ட்டை வாங்கப் போய், "நல்லாத்தானே இருக்கு?" என்று ஏழு தடவையாவது கேட்டிருப்பேன். நான் கணக்கு டீச்சர் என்று தெரிந்ததும் இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை என் முன்னால் வைத்தார். "ரெண்டுலயும் வெறும் பக்கம் எத்தனை வாட்டிக்கு ஒரு வாட்டி விழும், சொல்லுங்க டீச்சர்." பதினாறுக்கு ஒன்று என்றேன். "அப்ப ஞாயித்துக்கெழம வந்துருங்க" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பார்த்தால், மனுஷர் நிஜமாகவே கணக்குப் போட ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

பம்பாயில் இருந்த அவருடைய சித்தப்பா மகன் இந்த மாதிரி ஆட்டத்துக்கான ஒரு வெளிநாட்டு விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸை அனுப்பியிருந்தார். அதற்கு இருபது பக்கம் உள்ள கட்டை வேண்டுமாம். மதுரையில் அதற்கு எங்கே போக? அண்ணனை அதைவிடச் சிரிக்க வைத்தது முதல் பக்கம். "காப்பி எடுக்கக் கூடாதுன்னு போட்டுருக்கான் பாருங்க. அந்தப் பக்கத்தையும் சேத்துல்ல காப்பி எடுத்துருக்காய்ங்க!" நாமே ஒரு விதிப் புத்தகம் எழுதுவோம், அதில் யாரும் காப்பி எடுக்கலாம், மாற்றலாம் என்று போட வேண்டும் என அன்றைக்கே சொல்லிவிட்டார். பேய் பங்களாவோ கோர்ட்டோ நிலாவுக்குப் போகும் ராக்கெட்டோ, எந்தக் கதைக்கும் ஒரே விதி, வீட்டில் கிடக்கும் தாயக்கட்டையே போதும். அதை எழுத எனக்கும் அண்ணனுக்கும் எட்டு வருஷம் ஆனது.

அந்த விதியின் உயிர் அவருடைய ஒரு கேள்வி. உருட்டுகிறவர் கட்டையைக் கையில் எடுத்தால், "தோத்தா என்ன போகும்?" என்பார். பதில் சொன்னால்தான் உருட்டலாம். ஒன்றும் போகாது என்றால் கட்டைக்கு வேலையில்லை, அந்தக் காரியம் நடந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வரும் செல்வம் எங்கள் விதிகளை நோட்டில் எழுதிப்போய், ஊரில் கூட்டாளிகளோடு ஆடி, தன் இஷ்டத்துக்கு மாற்றியும் விட்டான். "என்ன போகும்னு உருட்டுறவன் சொன்னா கொறச்சுச் சொல்றாய்ங்கண்ணே. அதான் பக்கத்துல இருக்கிறவன் சொல்லணும்னு வச்சுட்டோம்." எனக்கு வந்ததே கோபம்! "ஒன்னய யாருடா மாத்தச் சொன்னா? நாளைக்கு எவனாவது அவன் பேரப் போட்டு அச்சடிச்சு வித்தா என்ன பண்றது?" என்று கத்தினேன். அண்ணன் என்னைப் பார்த்து, "வித்தா என்ன போகும் டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, செல்வத்தின் விதியை அப்படியே எங்கள் கையெழுத்துப் பிரதியில் ஏற்றினார். நான் இரண்டு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. விதி என்னவோ செல்வம் சொன்னபடிதான் நன்றாக இருந்தது.

விதிகளை எழுதி முடித்த பிறகும், திருடி விற்பார்கள் என்று ஏதாவது சொல்லி மாதக்கணக்கில் அனுமதியைத் தள்ளிப்போட்டுவந்தேன். அண்ணனின் இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், யாரும் காப்பி எடுக்கலாம், மாற்றலாம் என்று எழுதிய அந்த அனுமதித் தாளை நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இருவர் எழுதியதால் இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் கணக்கு முடிப்பதுபோல் கையெழுத்தா? எனக்கு மனசு வரவில்லை. "நல்லபடியா போயிட்டு வாங்கண்ணே. வந்ததும் போடுறேன்" என்றேன்.

அவர் மேசையிலிருந்த கட்டைகளை எடுத்தார். "சரி, நான் உருட்டப் போறேன். பக்கத்துல இருக்கிறது நீங்கதான். தோத்தா என்ன போகும், சொல்லுங்க."

"சும்மா இருங்கண்ணே. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் போகாதுன்னா உருட்டவே வேண்டாமே" என்று சிரித்தபடி கட்டைகளைக் கீழே வைத்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி ரமணி மதினி, "டீச்சரப் பயமுறுத்தாதீங்க" என்று அதட்டினார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதினியிடம் தாளைக் காட்டி, இனிமேல் போட்டால் செல்லுமா, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். "அவரு போட்டுட்டுத்தான் போனாரு. ஒங்க எடந்தான் காலியா கெடக்கு" என்றார் மதினி. தாயக்கட்டைகளையும் என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அவரோடு அந்த மேசையில் ஆடியவர்களே, உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எவனோ திருடி விற்பான் என்று நான் பயந்தது பொய். கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்துவிடும், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை அங்கே போக எனக்கு ஒரு காரணம் இருக்காது. அதனால்தான் மாதக்கணக்கில் புதுப்புதுச் சந்தேகமாகக் கிளப்பி இழுத்தடித்தேன்.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த விதிகளை யாரும் காப்பி எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்லுங்கள், நீங்கள் மாற்றியதை அடுத்தவர் மாற்றவும் விடுங்கள். கட்டைகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. அவர் கேட்ட கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது.

நீங்க போயிருவீங்கண்ணே. அதுதான் போகும். அன்னைக்கே சொல்லியிருக்கணும்.