கூட்டிப் பெருக்கிய மலைச்சரிவு

“ஆர் இந்த மரங்களை இங்க அடுக்கினது?” என்று ரேட்டோ கத்தினார். எங்கள் ஊர்க் காட்டுக்குப் பொறுப்பான ஃபோர்ஸ்டர் அவர். ஊரே கையில் கரியோடு நின்றது. என் கணவர் குகன் மட்டும் பெருமையாகக் கையை உயர்த்தினார். பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார் மனிதர்!

சுவிஸில் கூர் நகரத்திலிருந்து பஸ் ஏறி வர வேண்டிய சின்ன மலை ஊர் எங்களுடையது. நான் அங்கே பள்ளிக்கூடத்து ஹவுஸ்வார்ட். கூட்டுவது, கழுவுவது, பனி தள்ளுவது, பிள்ளைகள் மேசைக்கடியில் ஒட்டிய சூயிங்கத்தைச் சுரண்டுவது எல்லாம் என் தலையில்தான். அந்த வசந்தத்தில் மழையே இல்லை. ஊருக்கு மேலே காடு பற்றி எரிந்தது. ஹெலிகொப்டர் தண்ணீர் ஊற்றி அணைத்தது. வீடுகள் தப்பின. ஆனால் சரிவுக்கு நேர் கீழே இருந்த உர்சினாவின் வீட்டை கெமைண்டே, அதாவது ஊர்ச் சபை, பூட்டிவிட்டது. மரம் எரிந்த மலையிலிருந்து கல் உருண்டு வருமாம். உர்சினா என் வயதுக்காரி, தனி ஆள், ஆடு வளர்த்துச் சீஸ் செய்கிறவள். ஆடுகள் அயலூரில் இரவல் தொழுவத்தில் நின்றன. சரிவு பாதுகாப்பு என்று ரேட்டோ சொல்லாவிட்டால் அவற்றை விற்க வேண்டியதுதான்.

இங்கே ஊருக்குப் பொது வேலை என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். அந்தச் சனிக்கிழமை எரிந்த சரிவில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் போனோம்.

“இது எங்கட சிரமதானம்தானே. நானும் வாறன்,” என்றார் குகன்.

“வீட்டில வாக்கூம் பிடிச்சுக் கூட்டச் சொன்னா நாரி நோகுது எண்டு இடுப்பைப் பிடிப்பியள். இப்ப நோகேல்லையோ?”

“அது வேற நாரி.”

ரேட்டோ மத்தியானம்தான் வருவதாக இருந்தது. அதுவரை சும்மா நிற்க இந்த ஊர்ச் சனத்துக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வீட்டுச் சுவரோடு விறகை அளவெடுத்து அடுக்குகிற ஊர் இது. சரிவில் விழுந்து கிடந்த கருகிய மரங்களையெல்லாம் இழுத்து இறக்கி வீதியோரம் அடுக்கினோம். குகன் சருகையும் விடாமல் வாரினார். மலை, தேருக்கு முதல் நாள் கோயில் வீதி மாதிரி ஆகிவிட்டது. மரங்களை அறுத்துத் துண்டு போடத் தொடங்குவதற்குள் ரேட்டோ வந்தது எங்கள் நல்ல காலம்.

அவர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பேசியதை எங்கள் பாணியில் சொன்னால் இப்படி: “உருளுற கல்லை மறிக்கிறதுக்கு இருந்ததே அந்த மரங்கள்தான்! சறுக்குமரம் செய்து வச்சிருக்கிறியள்! நாளைக்கு மழை!”

உர்சினா அப்படியே குந்தியிருந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எல்லோர் மேலும் கோபமாகவும் இருந்தது.

“அழ நேரமில்லை, எழும்பு! திருப்பி ஏத்துவம்,” என்றேன்.

இறக்கியது பெரிய வேலையே இல்லை என்று ஏற்றும்போதுதான் தெரிந்தது. ட்ராக்டர் வடம் எட்டிய இடம்வரை வடம், மிச்சத்துக்குத் தோள். ரேட்டோ காட்டிய இடங்களில் அடிக்கட்டைகளுக்கு மேற்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே கிடத்தினோம். பொழுதுபடுவதற்குள் குகனுடைய இரண்டு நாரியும் போய்விட்டன.

ஞாயிறு முழுக்கக் கொட்டியது. மலையில் ஏதோ உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் யன்னலுக்கு ஓடினேன்.

திங்கள் காலை ரேட்டோவோடு மேலே போனோம். ஃப்ரிட்ஜ் பருமனில் ஒரு கல், நாங்கள் ஏற்றிய மரமொன்றில் முட்டி நின்றது. அதற்கு நேர் கீழே உர்சினாவின் குசினிக் கூரை. உர்சினா அந்தக் கல்லின் மேல் ஓங்கி ஓர் அறை வைத்தாள். “கதவைத் தட்டாம உள்ள வரப் பாத்தனியோ?”

துப்புரவு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதை அன்றுதான் படித்தேன். எதை எடுப்பது என்று பிறகு கேளுங்கள். எதைத் தொடக்கூடாது என்று முதலில் கேளுங்கள்.

ரேட்டோ ஒவ்வொரு மரமாக உதைத்துப் பார்த்தார். பிறகு கெமைண்டேயோடு போனில் கதைத்தார். வைத்துவிட்டு உர்சினாவைப் பார்த்தார்.

“போய் ஆடுகளைக் கூட்டிக்கொண்டு வா.”

அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. ஓடினாள்.