பாதிக் கரண்டு

எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஈசிஜி மெஷின் வந்ததுலருந்து, நர்ஸான எனக்குக் கரண்டு வைக்கிற சிஸ்டர்னே பேராகிப் போச்சு. அது இதயம் எப்படி ஓடுதுன்னு காகிதத்துல கோடு போட்டுக் காட்டும், அவ்வளவுதான், வைத்தியமே கிடையாதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். கரண்டு வச்சதும் உடம்பு லேசாயிருச்சுன்னு எந்திரிச்சுப் போவாக. முழங்கால் வலிக்கு வச்சுவிடச் சொல்லி வந்தவுகளும் உண்டு.

ஒருநாள் காலையில, காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் ஒருத்தர் பொண்டாட்டியோட வந்தாரு. கொடிக்கு மருந்தடிக்கும்போது நெஞ்சைப் பிடிச்சிருக்கு. வாயுதான்னு அவரே முடிவு பண்ணி, சோடா குடிச்சுட்டு, சட்டை நனைய வேர்த்துக்கிட்டு டவுன் பஸ்ஸுல வந்து இறங்கியிருக்காரு. பஸ்ஸுல! அந்தக் கோவம் எனக்கு இன்னும் தீரல.

படுக்க வச்சு மெஷினோட ரப்பர் பல்பை ஒட்டுனா நெஞ்சுல நிக்கல, அத்தனை முடி. ரேசரை எடுத்ததும், மீசையில கை வச்சுராதீகன்னாரு. உங்க மீசைக்கு நெஞ்சுல என்ன வேலைன்னு கேட்டேன். பொண்டாட்டி முந்தானையால வாயைப் பொத்திச் சிரிச்சுச்சு.

காகிதம் வந்துச்சு. கீழ இறங்க வேண்டிய கோடு இறங்காம மேலேயே நின்னுச்சு. எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியல. டாக்டரம்மா பாத்துட்டு, மாரடைப்புதான், உடனே தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்னு மாத்திரையைக் கொடுத்து ஆம்புலன்ஸுக்கும் சொன்னாக.

மனுசன் எந்திரிச்சு சட்டைப் பித்தான் போடுறாரு. கரண்டு வச்சதுல வாயு கலைஞ்சுருச்சாம், தோட்டத்துல பழம் வெட்டுக்கு நிக்குதாம். டாக்டரம்மா படம் போட்டெல்லாம் விளக்குனாக. ம்ஹூம். அவரு பேச்சை நம்பி பொண்டாட்டியும் பையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிருச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இப்படி நடந்து போனா வீடு போய்ச் சேர மாட்டாரு.

படிச்ச படிப்பை மூட்டை கட்டி வச்சுட்டு ஒரு பொய் சொன்னேன்.

"இங்கன இருக்கது சின்ன மெஷினு, பாதிக் கரண்டுதான் ஏறியிருக்கு. மிச்சத்தைத் தேனியில வச்சாத்தான் வாயு முழுசா இறங்கும்."

போட்ட பித்தானைத் திரும்பக் கழட்டுனாரு. அப்பச் சரின்னு படுத்துக்கிட்டாரு. எனக்குப் பெருமை தாங்கல. டாக்டரம்மாவைப் பாத்துப் புருவத்தைத் தூக்கினேன்.

ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது பொண்டாட்டி முன்சீட்டுக்கு ஓடுச்சு. அவரு என் கையைப் பிடிச்சாரு. சில்லுன்னு இருந்துச்சு. அதுவரைக்கும் சிஸ்டர்னு கூப்பிட்டவரு, மெதுவாச் சொன்னாரு:

"ஆத்தா, எங்கப்பனும் இப்படித்தேன் போனாரு. வாயு இல்லேன்னு எனக்குத் தெரியும். படுத்தா எந்திரிக்க மாட்டேன்னு பயந்துதேன் சட்டையைப் போட்டேன். அவ தாங்க மாட்டா. அந்தப் பாதிக் கரண்டையே அவகிட்டயும் சொல்லிரு."

சொன்னேன். அந்தம்மா நம்பிருச்சு.

பொழச்சுக்கிட்டாரு. மாசாமாசம் மாத்திரை வாங்க வாராக ரெண்டு பேரும். பொண்டாட்டி பக்கத்துல இருந்தா தேனிக் கரண்டோட மகிமைதான் பேச்சு. அந்தம்மா மாத்திரைச் சீட்டு வாங்கப் போற நேரத்துல மட்டும், நெஞ்சைத் தொட்டு, "இன்னும் எம்புட்டு நாளைக்கு ஓடும், ஆத்தா?"ன்னு கேப்பாரு. அதுக்கு ஒரு பொய்யும் எனக்கு வர மாட்டேங்குது.