அத்தை வரிசையில் நின்ற நாள்

தேர்தலுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அன்று காலை அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பெட்டியிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பேச்சுத்துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறி, தருமபுரியில் மாறி, கம்பைநல்லூர் பக்கமிருந்த தன் புருஷன் ஊருக்குப் போனாள். அவளுடைய ஓட்டு இன்னும் அங்கேதான் இருந்தது. அவள் மட்டும் எங்கள் வீட்டில் இருந்தாள்.

மாமா வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து வைத்திருந்தார். கேட்டவர்களிடமெல்லாம் "பழையவளைத்தான் அத்து விட்டாச்சே" என்று சொல்லிவந்தார். அத்து விடுவது என்றால் பெரியவர்கள் முன்னிலையில் உறவை முறித்துக்கொள்வது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது அத்தையின் கட்சி. இதைப் பேசித் தீர்க்கச் சீக்கிரம் ஊர்க்கூட்டம் கூட்டப்போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இதெல்லாம் என் காதிலும் விழுந்திருந்தது. அதற்கும் ஓட்டுக்கும் தொடர்பு இருக்கும் என்றுதான் தோன்றவில்லை.

பெண்கள் வரிசை பள்ளிச் சுவரை ஒட்டி வெயிலில் நின்றது. எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்று, மறுபடி வேறு குரலில் தொடங்கியது.

"வாழாத ஊர்ல ஓட்டு என்னாத்துக்காம்?" என்றாள் ஒருத்தி, குரலைத் தாழ்த்தாமலே.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அத்தை நேராகப் பார்த்தபடி நின்றாள்.

வாசலை நெருங்கியதும் அவள் சன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்சி ஏஜெண்டுகளின் பெஞ்சில் ஓரமாக ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். அத்தை பின்னால் நின்றவளிடம், "நீங்க போங்கக்கா, கைப்புள்ளய வெச்சிருக்கீங்க" என்றாள். அதற்கடுத்தவளிடம் கைக்குழந்தை இல்லை. "களை எடுக்கப் போவோணுமில்ல, நீங்க போங்க" என்று அவளையும் விட்டாள். இப்படியே பலர் எங்களைத் தாண்டிப் போனார்கள். எனக்குத் தாகமாக இருந்தது.

"நம்ம முறைதான் அத்தை, போலாம்."

"செத்த இரு கண்ணு."

முன்பு பேசியவளே மறுபடி வாயைத் திறந்தாள். "ஏம்மா, ஓட்டுப் போட வந்தியா, பந்தி விசாரிக்க வந்தியா? எல்லாரையும் உபசரிச்சு உள்ள அனுப்பறியே!"

வரிசை முழுக்கச் சிரித்தது. இனி இந்த ஊர்ப்பக்கமே வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மாமா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டிலிருந்து திரும்பி வந்தார். இளைஞன் எழுந்துகொள்ள, அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார். சட்டையில் ஏஜெண்ட் அட்டை குத்தியிருந்தது.

"வா" என்று அத்தை என் கையைப் பிடித்தாள்.

உள்ளே குமாஸ்தா மாமாவின் பெயரைச் சொல்லி, அவர் மனைவி என்று அத்தையின் பெயரை உரக்கப் படித்தார். உடனே எதிர்க்கட்சி ஏஜெண்ட் எழுந்தார். அத்தையின் ஓட்டு புருஷனின் கட்சிக்குத்தான் விழும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"ஆட்சேபணைங்க. இந்தம்மா ஊர்லயே இல்லீங்க. புருசங்காரரு இதா ஒக்காந்திருக்கறாரு, அவரையே கேளுங்க, பொண்டாட்டியா இல்லியான்னு!"

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்தல் அதிகாரி மாமாவைப் பார்த்தார்.

"லிஸ்ட்டுல அப்படித்தானுங்க இருக்குது" என்றார் மாமா.

"லிஸ்ட்டு எங்கிட்டயும் இருக்குதுங்க. ஆளைப் பார்த்துச் சொல்லுங்க. இல்லேன்னா கள்ள ஓட்டுன்னு போலீஸ்ல ஒப்படைக்கணும்" என்றார் அதிகாரி.

வாசலில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். சன்னல் கம்பிகளில் பெண்களின் முகங்கள் நிறைந்துவிட்டன. நான் அத்தையின் முந்தானைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஒரு ஓட்டுப் போவுதுங்கண்ணா, சொல்லிப்போடுங்க!" என்று அந்த இளைஞன் வெளியிலிருந்து கத்தினான்.

மாமா மேசையைப் பார்த்தபடி, "எம் பொண்டாட்டிதானுங்க" என்றார்.

அத்தை அங்கே முதல்முறையாக வாயைத் திறந்தாள். "சன்னல்கிட்ட கேக்கலீங்களாம்."

சிரிப்பு எழுந்தது. மாமா முகம் கறுக்க, அதையே உரக்கச் சொன்னார்.

விரலில் மை வைத்தார்கள். அத்தை மறைப்புக்குள் போனாள், உடனே வந்தாள், சீட்டைப் பெட்டியில் போட்டாள். வெளியே வந்ததும் தன்னைக் கேலி செய்தவளிடமே போய் நின்றாள்.

"கேட்டுக்கிட்டீங்களாக்கா?"

"கேட்டேன்" என்றாள் அவள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

இன்னொருத்தியோடு வாழ்கிறவரிடம் போய், ஊர் பார்க்க, பொண்டாட்டி என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சியது போல எனக்கு இருந்தது. அத்தைக்கு வெட்கமே இல்லை, அவளுக்கும் சேர்த்து நான்தான் வெட்கப்படுகிறேன் என்று தோன்றியது. பஸ்ஸில் சன்னலோரம் ஒட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் பொறுக்காமல் கேட்டேன்.

"எந்தச் சின்னத்துல குத்துனே அத்தை?"

அத்தை யோசித்தாள். மை வைத்த விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அதப் பாக்கலியே கண்ணு" என்று சொல்லிச் சிரித்தாள்.

இருட்டும் நேரத்தில் வீடு போய்ச் சேர்ந்தோம். அப்பா தெருவிலேயே நின்றிருந்தார்.

"சொன்னானா?"

"ரெண்டு தடவைண்ணா" என்றாள் அத்தை.

"அப்ப கூட்டத்தைக் கூட்டிரலாம்" என்று அப்பா நீளமாக மூச்சு விட்டார். அவர் ஏன் அப்படி மூச்சு விட்டார் என்று தெரியாமல் நான் குறுக்கே புகுந்தேன். அவ்வளவு நேரம் வெயிலில் நின்றும், அத்தை எந்தச் சின்னம் என்றுகூடப் பார்க்காமல் ஓட்டை வீணாக்கிவிட்டு வந்திருக்கிறாள் என்று புகார் சொன்னேன்.