இரண்டு கிலோவும் ஒரு விரலும்

கயிற்று வளையத்துக்குள் நடு விரலை நுழைத்ததும் விரலக்கா வாயை இறுக மூடிக்கொள்வார். முன்கையைப் பலகையோடு வாரால் கட்டியிருக்கும். பக்கத்து விரல்கள் இரண்டும் பித்தளைக் குழாய்களுக்குள் அடங்கிக் கிடக்கும். கயிற்றின் மறுமுனையில் இரண்டு கிலோ எடை தொங்கும். இரண்டு நொடிக்கு ஒருமுறை தாளக்கருவி டக்கென்று அடிக்கும். அடிக்கு ஓர் இழுப்பு. சுழலும் உருளையில் சுற்றிய, புகைக்கரி படிந்த தாளில், இழுப்புக்கு ஒன்றாக முள் வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டே போகும்.

மருத்துவக் கல்லூரியின் உடலியல் ஆய்வுக்கூடத்தில் அவர் உதவியாளர். தாளுக்குப் புகை காட்டுவதும், எடைப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவதும், மேசை துடைப்பதும்தான் வேலை. விரலைக் கொடுப்பது அதில் சேராது. ஒருநாள் ஒரு மாணவன் பத்து இழுப்பிலேயே கையை உதறிக்கொண்டு நிற்க, "தள்ளுப்பா, நான் காட்றேன்" என்று உட்கார்ந்தாராம். விரலக்கா என்ற பெயரும் அதில் வந்ததுதான். இருபத்தொரு வருடமாக அந்த முக்காலியை யாருக்கும் விடவில்லை.

தசைக் களைப்பைக் காட்டும் வகுப்பு செவ்வாய்க்கிழமை. திங்கள் சாயங்காலமே வலது கைக்கு விடுமுறை கொடுத்துவிடுவார். பையெல்லாம் இடது தோளுக்கு மாறிவிடும். கூட இருக்கும் தங்கை போர்வை பிழியக் கூப்பிட்டால், "நாளைக்கு இதுக்கு டூட்டி இருக்கு" என்பார். "விரலா, மகாராணியா?" என்று முணுமுணுத்தபடி தங்கை தனியாகப் பிழிவாள்.

ஆய்வுக்கூடத்தில் நான் கண்ணாடிக் குழாய் கழுவுகிறேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் பாடம் காதில் விழும். தசைக்குள் முதல் சில நொடிகளுக்கு மட்டும் சக்தி தயாராக இருக்குமாம். அது தீர்ந்ததும் தசை சேர்த்துவைத்த சர்க்கரையை எடுக்கும். ரத்தம் கொண்டுவரும் பிராணவாயு போதவில்லையென்றால், சர்க்கரையை அரைகுறையாக உடைத்து அவசரத்துக்குச் சமாளிக்கும். அதில் அமிலம் மிஞ்சும். போகப்போகக் கோடுகள் குட்டையாகி, விரல் நின்றுபோகும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் ரத்தம் பாய்ந்து மறுபடி தூக்கும்.

விரலக்காவின் பாடம் இதைவிடச் சின்னது. "முதல்ல விரல் தூக்கும். அப்புறம் தோள் தூக்க வரும், விடக்கூடாது. கடைசில கோவம் தூக்கும்."

களைப்புக்கு அமிலம்தான் காரணம் என்பது பழைய பேராசிரியரின் கட்சி. குற்றமெல்லாம் அதன்மேல் இல்லை என்று இப்போது கண்டிருக்கிறார்கள் என்றார், புதிதாக வந்த இளம் டாக்டரம்மா. விரலக்கா உச்சுக்கொட்டினார். "பாவம், இத்தன வருஷமா அத வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே."

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களில் பளு தூக்கும் வேலை பார்ப்பவர்களின் உடல்திறனை எழுதி அனுப்ப வேண்டும். டாக்டரம்மா நல்ல எண்ணத்தோடு விரலக்காவின் தாள் ஒன்றை இணைத்து அனுப்பினார். பதில் ஒரே வரியில் வந்தது: திறன் போதவில்லை, மாதக் கடைசியோடு விடுவிக்கவும். பணி முடிய இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அனுப்பிய தாளை விரலக்கா வரவழைத்துப் பார்த்தார். பதினெட்டாவது இழுப்பிலேயே கோடுகள் செத்திருந்தன.

"இது மேல்கையில பட்டைய இறுக்கி ரத்தத்த நிறுத்தினப்போ போட்டது டாக்டரம்மா."

ரத்தம் போகாவிட்டால் விரல் எவ்வளவு சீக்கிரம் களைக்கும் என்று காட்ட, வகுப்பில் அப்படியும் ஒருமுறை இழுப்பார்கள். கரி கலையாமலிருக்கத் தாளுக்கு வார்னிஷ் பூசுமுன் ஊசியால் அதன்மேல் குறித்துவைக்க வேண்டும். டாக்டரம்மா குறிக்க மறந்திருந்தார். முகம் சிவந்து, "ஆபீஸ்ல நானே போய்ச் சொல்லிடறேன்க்கா" என்றார்.

"சொல்ல வேணாம். தாளால வந்தது தாளாலதான் போகணும். ஆபீஸ் மேனேஜர மேல வரச்சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை அலுவலக மேலாளர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். நாற்பது மாணவர்களுக்கு நடுவில் அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

"எதுக்கும்மா இந்த வீம்பு? வீட்ல நிம்மதியா இருக்கலாமே."

"நிம்மதி எல்லாம் இங்கதான் சார் இருக்கு. எண்ணுங்க."

பதினெட்டு தாண்டியது. முப்பது தாண்டியது. நாற்பதுக்குமேல் கோடுகள் குட்டையாயின. கழுத்து நரம்பு புடைத்தது. தோள் மட்டும் அசையவில்லை. அறுபத்து மூன்றில் விரல் நின்றது.

"போதும்க்கா" என்று டாக்டரம்மா வாரை அவிழ்க்க வந்தார்.

"கைய எடுங்க. ஓய்வு ரெண்டு நிமிஷம். அதுவும் பாடத்துல இருக்குல்ல?"

இரண்டு நிமிடமும் கண்ணை மூடியிருந்தார். நான் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பி நின்றேன். மறுபடி டக்கென்ற சத்தம். எடை எழும்பியது. இருபத்தொன்பது முறை எழும்பியது.

மேலாளர் எழுந்துகொண்டார். "சரிம்மா, பாத்துட்டேன். கீழ போய் மாத்தி எழுதச் சொல்றேன்."

"இங்கயே எழுதிடுங்க சார்."

"பேனா எடுத்துட்டு வரலையே."

விரலக்கா வாரை அவிழ்த்தார். முன்வரிசை மாணவியின் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். இடது கை சும்மாதான் இருந்தது. வலது கையால் எடுத்தார். விரல்கள் மடங்க மறுத்தன. இரண்டு முறை நழுவ, மூன்றாவது முறை பிடிபட்டது. அந்தக் கையை மேலாளரின் முகத்துக்கு நேராக நீட்டினார். அவர் வாங்கும்வரை இறக்கவில்லை.