ஏழாவது கட்டத்தில் எழுதிய பதில்

நூல் பிடித்தாற்போல் அளப்பார் என்பதால் சர்வேயருக்கு அலுவலகத்தில் 'நூல்' என்றே பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் அங்குலம் பிசகியதில்லை. பிசகியது நில ஆய்வுப் படிவத்தின் ஏழாவது கட்டத்தில்: 'இந்நிலத்தால் மக்கள் அடையும் பயன்'.

ஈர மண்ணில் அளவுக் கருவியின் முக்காலி நிற்காது என்று அளவு வேலையைக் கோடையில்தான் வைத்துக்கொள்வார்கள். ஊரை ஒட்டிய சதுப்பு நிலத்தையும் அவர் கோடையில்தான் பார்த்தார். வெடித்த மண், காய்ந்த கோரை. பயிரில்லை, கட்டடமில்லை. 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை நம்பி மேலிடம் பாதி நிலத்தை மேடாக்கிக் கிடங்கு கட்ட அனுமதித்தது.

அடுத்த மழையில், சதுப்பு குடித்திருக்க வேண்டிய தண்ணீர் கீழ்த்தெருவுக்குள் புகுந்தது. அவருடைய அக்கா அங்கேதான் தையல் கடை வைத்திருந்தாள். சேதி கேட்டு ஓடியவர், வாளி வாளியாக இறைத்துக் கொட்டினார். அக்கா தையல் மெஷினைத் துடைத்தபடி, எந்த மகராசன் அந்த இடத்தை வேண்டாத நிலம் என்று எழுதினான், ஆபீஸில் விசாரித்துச் சொல் என்றாள். தம்பி சர்வேயர், அவனுக்குத் தெரியாதது இல்லை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக இறைத்தார்.

மாதம் ஒன்று போனது. சதுப்பின் மிச்சப் பாதிக்கான படிவம் சர்வேயரின் மேஜைக்கு வந்தது. பழைய பதில்களையே உதவியாளர் பார்த்து எழுதியிருந்தார்; கையெழுத்துதான் பாக்கி. மழை இருக்கும்போதே நிலத்தை மறுபடி பார்க்கட்டுமா என்று சர்வேயர் மேலதிகாரியான என்ஜினியரிடம் கேட்டார்.

"படகுல போய் அளப்பீங்களா, நூல் சார்?" என்று என்ஜினியர் சிரித்தார். முந்தைய பதில் தப்பு என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம், ஆனால் விசாரணை வரும் என்றும் சொன்னார்.

சர்வேயர் படிவத்தை மடித்துக்கொண்டு நேரே அக்கா கடைக்குப் போனார்.

"அந்த மகராசன் நான்தான்க்கா."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். தம்பியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"நாலு தெரு தள்ளித்தானேடா நான் இருக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஏழாவது கட்டத்தில் இருந்ததை அடித்தார். 'முன்பு நான் எழுதியது தவறு' என்று எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை.

"இப்ப கேக்குறேன்க்கா. சொல்லு."

அக்கா ஸ்டூலுக்கு அருகே வந்து படிவத்தைக் குனிந்து பார்த்தாள். அவர் காத்திருந்தார்.